முதுகு வளைந்தால் கத்திதானா?

"அம்மா, புடவை ஒரு பக்கம் தூக்கிண்டிருக்கு" என்று மகள் சொன்னபோது, கட்டியதில்தான் கோளாறு என்று நினைத்தேன். கோளாறு முதுகெலும்பில்!

எனக்கு வயது 71. செம்பூர்வாசி. மாட்டுங்கா மார்க்கெட்டில் பத்து நிமிஷம் நடந்தால் இடது கால் மரத்துப் போகும். சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "ஸ்கோலியோசிஸ்" என்றார். முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரிக்கு மேல் வளைந்தால் இந்தப் பெயர். எனக்கு 28. சிறுவயதில் வருவது வேறு. இது முதுமையில் டிஸ்குகளும் சிறு மூட்டுகளும் தேய்வதால் வருவது. வளைந்த இடத்தில் நரம்பு நசுங்கியதால்தான் கால்வலி.

ஆறு மாதம் உடற்பயிற்சி, மாத்திரை, ஊசி. பலருக்கு இதுவே போதும். எனக்குப் போதவில்லை.

ஆபரேஷனில் முக்கியமாக இரண்டு வழி. நரம்பை அழுத்தும் எலும்பை மட்டும் எடுப்பது சின்னது. ஆனால் வளைவு பின்னால் கூடலாம். ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைப்பது பெரியது; இணைத்த பகுதி பிறகு வளையாது. மேலிருந்து இடுப்பு வரை இணைத்துவிட்டால் குனிந்து கோலம் போடுவது கஷ்டம்தான்.

பெரியவர்களின் ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன் பற்றி 2011-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை மகன் காட்டினான். 65 முதல் 85 வயதுள்ளவர்களில் 71 சதவீதம் பேருக்குச் சிறிதோ பெரிதோ சிக்கல் வந்திருந்தது. பயந்துபோனேன். ஆனால் நடமாட்டத்திலும் கால்வலியிலும் அதிகப் பலன் கண்டவர்களும் அந்த வயதுக்காரர்களே!

"முதுகு நிமிருமா?" என்று கேட்டேன். "அதை நேராக்குவது முக்கியமில்லை, ஆஜி. உங்களை நடக்கவைப்பதுதான் என் வேலை" என்றார் அந்த மராட்டிய டாக்டர். எலும்பு பலமில்லாவிட்டால் ஸ்க்ரூ பிடிக்காது என்று, முதலில் எலும்பு அடர்த்தியைச் சோதித்தார். பிறகு நரம்பை விடுவித்து, இரண்டு எலும்புகளை மட்டும் இணைத்தார்.

முதல் மூன்று இரவுகள் எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதாம், மகளையே "யார் நீ?" என்று கேட்டேனாம். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இப்படி வருவதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தால் அவள் அழுதிருக்கமாட்டாள்.

இப்போது அரைமணி நேரம் நிற்காமல் நடக்கிறேன். புடவை இன்னும் ஒரு பக்கம் தூக்கித்தான் இருக்கிறது. வாசலில் சின்னதாக ஒரு கோலமும் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால், "எத்தனை டிகிரி?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எதைத் திரும்பப் பெறுவேன், எதை இழப்பேன்?" என்றும் கேளுங்கள்.