குறட்டை விடும் பிள்ளையைக் கவனியுங்கள்!

எங்கள் பக்கத்தில் பிள்ளை குறட்டை விட்டால், "அசந்து தூங்குறான், எழுப்பாதே" என்பார்கள் பெரியவர்கள். தினமும் குறட்டை, நடுவில் மூச்சு நின்று நின்று வருவது நல்ல தூக்கமே அல்ல. டான்சிலும் மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு சதையும் பெருத்து மூச்சுப் பாதையை அடைப்பதே பெரும்பாலும் காரணம்.

டாக்டர் பார்ப்பது விழித்திருக்கும் பிள்ளையை. இரவில் பார்ப்பது தாய்தானே! அதனால்தான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் செர்வின் குழுவினர், பெற்றோரிடம் கேட்பதற்கென்றே 22 கேள்விகளை 2000-ல் வெளியிட்டனர். சத்தமாகக் குறட்டை விடுகிறதா? மூச்சு நின்றதைப் பார்த்தீர்களா? வாயால் மூச்சு விடுகிறதா? காலையில் தலைவலியா? படுக்கையை நனைக்கிறதா? வகுப்பில் தூங்கி வழிகிறதா? இப்படிப் போகும். எட்டுக்கு "ஆமாம்" வந்தால் மேற்கொண்டு பரிசோதனை அவசியம்.

என் நாத்தனார் மகனை, "சோம்பேறி" என்று பள்ளியில் முட்டி போட வைத்தார்கள். டாக்டர் கேட்டபோது 11 "ஆமாம்" வந்தது. ஆபரேஷனுக்குப் பின் வாயை மூடித் தூங்குகிறான். வகுப்பில் திட்டு வாங்குவதும் நின்றது.

ஒரு வாரம் இரவில் கவனித்து நோட்டில் குறியுங்கள். மூச்சு நிற்பதைப் பார்த்தால், எண்ணிக்கை பார்க்காமல் உடனே காட்டுங்கள். நம் மாவட்டத்தில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தூங்கி விழும் பிள்ளையை அடிக்காதீர்கள்!

– ஒரு வாசகி, சின்னமனூர்.