சுவரொட்டியும் சத்தியமும்

விருத்தாசலத்திலிருந்து தொழுதூர் செல்லும் சாலையில், வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி போன்ற ஊர்களின் பேருந்து நிலையங்களில் நற்செய்திக் கூட்டச் சுவரொட்டிகளைக் காண்பது புதிதன்று. அவற்றில் இரு மொழிகள் கலந்திருப்பதை நாம் கவனித்தல் வேண்டும். "கட்டுகள் அறுபடும்", "அபிஷேக மழை" என்பன சபைக்குள் இருப்போரின் மொழி. சிற்றூரிலிருந்து வரும் உழவருக்கு இவை விளங்கா. "தீராத நோய் தீரும்" என்பதோ அவருக்கு நன்றாகவே விளங்கும். ஆக, நாம் சொல்லவேண்டிய நற்செய்தி புரியாத மொழியிலும், சொல்லக்கூடாத உறுதிமொழி தெளிந்த மொழியிலும் அவரைச் சென்றடைகின்றன.

"தீரும்" என்னும் வினைமுற்றில்தான் குறை உள்ளது. நோயுற்றோருக்காக ஜெபிப்பது சபையின் கடமை. யாக்கோபு 5:14 மூப்பர்களுக்கு இதையே பணிக்கிறது. ஆனால் "ஜெபிப்போம்" என்பது நமது செயலைக் கூறுவது. "தீரும்" என்பது கடவுளின் செயலுக்கு நாமே நாளும் இடமும் குறிப்பது. பவுல் துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20); அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். இன்றைய சாட்சிப் பக்கங்களில் இத்தகைய வரி இடம்பெறுமா என்பது ஐயமே. மேலும், 2 கொரிந்தியர் 2:17இல் அவர் ஆளும் கிரேக்க வினைச்சொல் சில்லறை வாணிகம் செய்வதைக் குறிப்பது. சரக்கில் கலப்படம் செய்தல் என்னும் இழிபொருளும் அதற்கு உண்டு.

நாட்டின் சட்டமும் இதில் கருத்துச் செலுத்தியுள்ளது. மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய ஆட்சேபணைக்குரிய விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம், தாயத்து, மந்திரம் முதலியவற்றால் குறிப்பிட்ட சில நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது; நீரிழிவும் புற்றுநோயும் அப்பட்டியலில் உள்ளன. ஜெபம் மந்திரமன்று என நாம் வாதிடலாம். அவ்வாறாயின் மந்திரவாதியின் விளம்பர மொழியை நாம் கையாளலாகாது.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் சுவரொட்டியை நம்பி அதை நிறுத்துவாராயின், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரிடலாம். சிறப்புப் பேச்சாளர் அதற்குள் அடுத்த ஊருக்குச் சென்றிருப்பார். கல்லறைத் தோட்டத்தில் நிற்பவர் உள்ளூர் ஆயர். "விசுவாசம் போதவில்லை" என்று அவ்வீட்டாரிடம் எவரேனும் சொல்லிச் சென்றிருந்தால், அதற்கும் மறுமொழி கூற வேண்டியவர் அவரே.

ஆகவே, அச்சகத்தார் தரும் மெய்ப்பை ஆயர் தாமே வாசித்தல் நலம். "நோயுற்றோருக்காக ஜெபிக்கப்படும். மருந்துகளை நிறுத்த வேண்டாம்" என்னும் இரு வரிகளுக்குச் சுவரொட்டியில் இடம் கிடைக்கும், பேச்சாளரின் படத்தைச் சற்றே சிறிதாக்கினால் போதும்.