நிஜாம் நகைகள்: லாபமா, நஷ்டமா?

ஒரே வைரம் இரண்டு முறை விலைபோனது. இரண்டு முறையும் கணக்கு எளிதாக இல்லை.

ஹைதராபாதின் ஆறாவது நிஜாம் மஹபூப் அலிகானுக்கு 1891-ல் ஒரு வைரத்தின் மீது ஆசை வந்தது. வியாபாரி அலெக்சாண்டர் ஜேக்கபிடம் ரூ. 46 லட்சத்துக்குப் பேசி, பாதியை முன்பணமாகக் கட்டினார். பிறகு மனம் மாறிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார். விவகாரம் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போனது. ஜேக்கப் விடுதலையானார், ஆனால் தொழில் நொடித்துப்போனது. 184 காரட்டைத் தாண்டிய அந்தக் கல் நிஜாமிடமே தங்கியது. எரிச்சலில் அவர் அதைக் காலணிக்குள் திணித்துவிட்டதாகவும், மகன் உஸ்மான் அலிகான் கண்டெடுத்து மேஜையில் காகிதங்களின் மீது பாரமாக வைத்ததாகவும் சொல்வார்கள்.

அந்தக் கல் உட்பட 173 நகைகளை மத்திய அரசு 1995-ல் ரூ. 218 கோடிக்கு வாங்கியது. உஸ்மான் அலிகான் ஏற்படுத்திய அறக்கட்டளைகளிடம் இருந்தவை அவை. சர்வதேச ஏலத்தில் விட்டிருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்கும் என்ற ஆதங்கம் வாரிசுகளுக்கு உண்டு. ஆனால் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி இத்தகைய பொக்கிஷங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டுப் பணக்காரர்கள் போட்டியிட முடியாத சந்தையில் விலை எப்படி ஏறும்?

அப்படியானால் அரசுக்கு லாபமா? 1995-ல் 10 கிராம் தங்கம் ஏறத்தாழ ரூ. 4,700. 2024-ல் அது ரூ. 70,000-ஐத் தாண்டியது. அதே ரூ. 218 கோடிக்குத் தங்கம் வாங்கியிருந்தால் ரூ. 3,000 கோடிக்கு மேல் ஆகியிருக்கும். நகைகளின் மதிப்பு அதைவிட உயர்ந்திருந்தாலும் என்ன பயன்? அரசு அவற்றை விற்கப்போவதில்லை. விற்காத பொருளின் விலையேற்றம் வெறும் காகிதக் கணக்கு. மகளின் கல்யாணத்துக்கு என்று லாக்கரில் வைத்த நகையின் கதையும் இதுதான்.

ஆக, இந்த முதலீட்டுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வட்டி, மக்கள் பார்ப்பது. ஆனால் ரிசர்வ் வங்கியின் பெட்டகத்துக்குப் போன நகைகள் அபூர்வமாகவே வெளியே வந்தன. ஹைதராபாதின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் 2001-லும் 2006-லும், டெல்லியில் 2001-லும் 2019-லும் மக்கள் அவற்றைக் கண்டார்கள். நகைகளை ஹைதராபாதிலேயே நிரந்தரமாக வைக்க வேண்டும் என்ற கோரிக்கை பலமுறை எழுந்திருக்கிறது.

ரூ. 218 கோடி அதிகமல்ல. ஆனால் பூட்டியே வைப்பதற்கென்றால், காலணிக்குள் கிடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?