பூட்டிய பூங்காவும் அடைத்த அறையும்

டயகமத் தோட்டத்தின் மேல்மலைகளில் தேயிலை முடிகிற எல்லையிலே காடு தொடங்குகிறது. அந்தக் காட்டை ஊடறுத்து மேலேறும் நடைபாதை, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2100 மீற்றர் உயரத்தில், புல்வெளியும் குறுமரக் காடுமாக விரிந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளியிற் சென்று சேர்கிறது. 1988 இல் தேசியப் பூங்காவாகவும், 2010 இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் பிற வனங்களோடு சேர்ந்து உலக மரபுரிமையாகவும் அங்கீகாரம் பெற்ற அந்தப் பீடபூமியின் வாசல், 2020 மார்ச் நடுப்பகுதியில், கொரோனாத் தொற்று நாட்டுக்குள் தலைகாட்டிய வேளையில், ஏனைய வனவிலங்குப் பூங்காக்கள், மிருகக்காட்சிசாலைகள், தாவரவியற் பூங்காக்கள் ஆகியவற்றின் வாசல்களோடு சேர்த்துச் சாத்தப்பட்டது. அதே மாதம் 20 ஆம் திகதி மாலையிலிருந்து தீவு முழுவதும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது. சட்டத்துக்கு அஞ்சித் தேயிலைச் செடி துளிர்ப்பதை நிறுத்துவதில்லையாகையால், பெருந்தோட்ட வேலைக்கும் விலக்களிக்கப்பட்டது. பகலெல்லாம் மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்த பெண்கள், மாலையில் தோட்டக் குடியிருப்பு வரிசையான லயத்துக்குத் திரும்பி, வீட்டிலேயே இருக்கும்படி அரசாங்கம் கூறிய அறிவுரைக்கு இணங்க, பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா என்னும் ஒற்றை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

காற்று ஒருபோதும் ஓயாத சமவெளிக்குப் பூட்டும், காற்று எளிதில் நுழையாத காம்பராவுக்கு நற்சாட்சிப் பத்திரமும் ஒரே காலத்தில் வழங்கப்பட்ட இந்த நிலைமையைக் குறை சொல்வது இன்று எளிது. அந்நாளில் நோயின் நடமாட்டத்தைப் பற்றி உலகத்துச் சுகாதார நிபுணர்கள் எத்தகைய கொள்கையைக் கைக்கொண்டிருந்தார்கள், அந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது, எவ்வாறு தளர்ந்தது என்பவற்றை ஆராய்ந்த பிறகே, பூங்காக்களை மூடியதில் எவ்வளவு நியாயம் இருந்தது, எவ்வளவு பிழை இருந்தது என்று நடுநிலையோடு சொல்ல முடியும்.

மனிதன் பேசும்போதும், பாடும்போதும், இருமும்போதும், சும்மா மூச்சு விடும்போதுங்கூட, அவனுடைய சுவாசத்தோடு பல்வேறு பருமன்களையுடைய நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. 100 மைக்ரோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, விட்டமுள்ள துளி, ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து ஐந்தாறு விநாடிகளில் தரையைத் தொட்டுவிடும். 5 மைக்ரோமீற்றர் துளிக்கு, அசைவற்ற காற்றில், அரை மணி நேரத்துக்கு மேலாகும். 1 மைக்ரோமீற்றர் நுண்துளியோ ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும். பெருந்துளிகளே நோயைப் பரப்புகின்றன என்று கொண்டால், சற்று விலகி நிற்பதும், கைகளைக் கழுவுவதும், பலர் தொட்ட பொருளைத் தொடாதிருப்பதும் போதுமான காப்பாகும். பூங்காவின் வாங்குகளும் சிறுவர் ஊஞ்சலும் பலர் கைபடும் பொருள்களாகையால், அங்கே பூட்டுப் போடுவதும் அந்தக் கணக்குக்குப் பொருந்தும். நுண்துளிகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு என்று கொண்டாலோ, கேட்க வேண்டிய கேள்வியே வேறாகிறது: ஓரிடத்தில் எத்தனை பேர் கூடுகிறார்கள் என்பதோடு, அவ்விடத்துக் காற்று எவ்வளவு விரைவில் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். விறகடுப்புப் புகை வாசலில் கணப்பொழுதிற் கலைந்துபோவதையும், காம்பராவுக்குள் கண்ணைக் கரிக்கும்வரை தங்கி நிற்பதையும் தினந்தோறும் காண்கிற தோட்டத்துப் பெண்களுக்கு இந்த வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை. நோயாளியின் மூச்சிலிருந்து பிரியும் நுண்துளிகளும் அவ்வாறே நடந்துகொள்கின்றன.

இந்த எளிய உண்மை வைத்திய சாஸ்திரத்தில் இடம் பெற ஏன் இத்தனை காலம் பிடித்தது என்பது ஒரு விசித்திரமான சரித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில், வியாதிகள் பலவும் துர்க்காற்றினால் விளைகின்றன என்று நம்பியிருந்த வைத்திய உலகம், கிருமிகளைக் கண்டறிந்த பின்னர், அந்தப் பழைய நம்பிக்கையைக் களையும் வேகத்தில், காற்று வழியாக நோய் தொற்றும் என்ற கருத்தையே ஏறக்குறைய முழுவதும் தள்ளிவிட்டது. அமெரிக்கச் சுகாதார அதிகாரியான சார்ள்ஸ் சேப்பின் 1910 இல் வெளியிட்ட நூலொன்று, நெருங்கிய தொடர்பினாலேயே தொற்று பரவுகிறது, காற்றின் பங்கு அற்பமே என்று வாதிட்டது. அந்த வாதம் பல தலைமுறைகளுக்குப் பாடமாயிற்று. 1930களில் வில்லியம் வெல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், சிறு துளிகள் நிலத்தை அடையுமுன்பே உலர்ந்து, மிதக்கும் துகள்களாகிவிடுகின்றன என்று காட்டினார். 1950களின் பிற்பகுதியில் அவரும் ரிச்சர்ட் ரைலி முதலியோரும், பால்டிமோர் நகரத்து வைத்தியசாலையொன்றில், காசநோயாளிகள் தங்கியிருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகள் இருந்த கூடத்துக்குச் செலுத்தி, நோயாளிகளைக் கண்ணாலும் கண்டிராத அப்பிராணிகளுக்கு நோய் தொற்றியதை நிரூபித்தார்கள். ஆயினும் காற்றுவழித் தொற்று என்பது காசநோய், சின்னமுத்து போன்ற சில வியாதிகளுக்கே உரிய விசேஷம் என்று கருதி, ஏனையவற்றை நிபுணர்கள் பழைய கணக்கிலேயே விட்டுவிட்டார்கள்.

ஆகையினால்தான் 2020 மார்ச் 28 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம், கொரோனா காற்றில் பரவும் நோயன்று என்று திட்டவட்டமாக அறிவித்தது. அதற்குப் பதினெட்டு நாட்களுக்கு முன்பே அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பாடற் பயிற்சிக்காக ஒரு மண்டபத்தில் இரண்டரை மணி நேரம் கூடியிருந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றிருந்தார்கள். பெருந்துளிகளை மாத்திரம் கொண்டு அந்தச் சம்பவத்தை விளக்குவது கடினம். அவுஸ்திரேலியாவின் லிடியா மொராவ்ஸ்கா முதலாக 239 விஞ்ஞானிகள் காற்றுவழித் தொற்றைக் கவனிக்கும்படி ஜூலை மாதத்தில் பகிரங்க வேண்டுகோள் விடுத்தார்கள். காற்றோட்டமற்ற, நெரிசலான உள்ளிடங்களில் நோய் காற்று வழியே பரவக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் முடிவிலேயாம். இதற்கிடையில் சீனாவில் 7324 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், திறந்தவெளியில் நேர்ந்த தொற்று ஒன்றே ஒன்றை, அதுவும் இருவர் மாத்திரம் சம்பந்தப்பட்டதைக் கண்டார்கள். பல தேசத்து ஆய்வுகளை ஒருங்கே திரட்டிய பிறிதொரு மதிப்பீடு, வெளியிடத்தைவிட உள்ளிடத்தில் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 19 மடங்கு என்று கணித்தது. செயற்கைச் சூரிய ஒளியிற் செய்த பரிசோதனைகளில், மிதக்கும் நுண்துளிகளிலிருந்த வைரசில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இருபது நிமிடத்துக்குள் வலுவிழந்தது. பூங்கா வாங்குகளைப் பற்றிய பயமும் குறைந்தது: பொருள்களைத் தொடுவதால் நோய் பற்றும் வாய்ப்பு பொதுவாகப் பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 2021 இல் தெரிவித்தது.

இனி, இந்த விஞ்ஞானத்தை நம் லயத்துக்குக் கொண்டுவந்து கணக்கிட்டுப் பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவின் உயரம் எட்டடி என்று கொண்டால், அதனுள் அடங்கும் காற்று ஏறக்குறைய 27 கனமீற்றர். இளைப்பாறும் மனிதன் மணிக்குச் சுமார் அரைக் கனமீற்றர் காற்றைச் சுவாசிக்கிறானாகையால், குளிருக்குப் பயந்து கதவும் ஜன்னலும் அடைத்த அறையில் ஐவர் எட்டு மணி நேரம் உறங்கினால், விடிவதற்குள் 20 கனமீற்றர் காற்று அவர்களுடைய நெஞ்சுகளுக்குள் போய் வந்திருக்கும். அதாவது அறையிலுள்ள காற்றில் நான்கில் மூன்று பங்குக்குச் சமமான அளவு, ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறியிருக்கும். கொழுந்து மலையிலோ, விநாடிக்கு ஒரு மீற்றர் வேகமுள்ள இளங்காற்று, மூன்று மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் உயரமுமுள்ள இடைவெளியினூடே ஐந்து விநாடிக்குள் அதே 27 கனமீற்றரைப் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. ஓரிரவு முழுவதும் காம்பராவுக்குக் கிட்டாத புதுக்காற்று, மலையில் நிற்பவளுக்கு ஒரு கைப்பிடிக் கொழுந்தைக் கூடையில் போடுவதற்குள் கிட்டிவிடுகிறது. முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களில் பின்சுவர் இரு குடும்பங்களுக்கும் பொதுவாகையால், எதிரெதிரே ஜன்னல் வைத்துக் காற்றை ஊடோட விடுவதற்கு வழியே இல்லை.

அப்படியானால் பூங்காக்களை மூடியது முழுப்பிழையா என்று கேட்டால், அவ்வாறும் சொல்லிவிட முடியாது. புல்வெளியில் நிற்பதால் வரும் ஆபத்து வேறு, புல்வெளியை அடைவதற்காகச் செய்யும் பிரயாணத்தால் வரும் ஆபத்து வேறு. கொழும்பிலிருந்து நெரிந்து வரும் பஸ்ஸும் ரயிலும், தங்கும் விடுதியின் அடைத்த உணவுக் கூடமும் உள்ளிடங்களே. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், அதன்பின் பேலியகொடை மீன் சந்தையிலும் பெருங் கொத்தணிகள் தோன்றியபோது, நவம்பர்த் தீபாவளியை ஒட்டி மேல் மாகாணத்தை விட்டு வெளியேற விதிக்கப்பட்ட தடை, தலைநகரத்துக் கடைகளில் வேலை செய்த எத்தனையோ மலையக இளைஞர்களைப் பண்டிகைக்கு வீடு வரவொட்டாமல் வருத்தியது. ஆனால் அந்தத் தடைக்கு அர்த்தம் இருந்தது. 2021 ஏப்ரலிற் புத்தாண்டு விடுமுறைக்கு நுவரெலியாவில் ஜனங்கள் திரண்டார்கள். நாடெங்கும் உறவினர் வீடுகளும் கடைவீதிகளும் நிறைந்தன. வேகமாகப் பரவும் அல்பா திரிபும் உடன் சேர, அதன்பின் எழுந்த மூன்றாம் அலையைச் சுகாதாரத் துறையினர் புத்தாண்டுக் கொத்தணி என்றே பெயரிட்டார்கள். நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவின் பூக்களுக்கும் கிறகரி வாவியின் நீருக்கும் அதில் குற்றமில்லை. வந்த வழியிலும் தங்கிய கூரையின் கீழுமே குற்றம் இருந்தது.

உலகத்துப் பெருநகரங்களும் இந்த வேறுபாட்டை உணரத் தாமதித்தன. பாரிஸ் தன் பூங்காக்களை 2020 மார்ச் முதல் மே இறுதி வரை பூட்டி வைத்தது. லண்டன் பெரும்பாலானவற்றைத் திறந்தே வைத்து, கூட்டம் மிகுந்த புரொக்வெல் பூங்காவை மட்டும் ஏப்ரலில் ஒரு நாள் மூடிப் பின் திறந்தது. சென்னை மெரினாக் கடற்கரையோ மார்ச்சில் அடைக்கப்பட்டு, டிசம்பர் நடுப்பகுதியிலேதான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தோட்டமும் மாடியுமுள்ள வீட்டுக்காரருக்குப் பூங்கா ஒரு பொழுதுபோக்கு. ஒரே அறையிற் குடும்பமாக வாழ்பவர்களுக்கு அதுவே இரண்டாவது அறை. எனவே ஒரே பூட்டு இவ்விரு சாராரையும் சமமாகப் பாதிக்கவில்லை.

நோயும் பூங்காவும் நம் மலைநாட்டில் முன்பே உறவு கொண்டவை. ஹக்கலைத் தாவரவியற் பூங்கா 1861 இல் ஆரம்பிக்கப்பட்டதே, மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரத்தைப் பயிரிட்டுச் சோதிப்பதற்காகத்தான். அதன் ஆராய்ச்சி நிலமாயிருந்த இடத்துக்கு, மகாராணியின் வைர விழாவை முன்னிட்டு விக்டோரியா பூங்கா என்று பெயர் சூட்டிய 1897 ஆம் ஆண்டிலேயே, தொற்றுநோய்த் தடுப்புக்கான தனிமைப்படுத்தற் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. நூற்றிருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னரும் கொரோனாக் காலத்து விதிகளுக்கு அச்சட்டமே ஆதாரம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் பலர், மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தடுத்துப் பரிசோதிக்கப்பட்ட பிறகே கடல் கடந்தார்கள். வருகிறவர்களை வாசலில் நிறுத்துவதில் அதிகாரம் காட்டிய அக்கறை, வந்து குடியேறியவர்கள் உறங்கும் அறையின் காற்றைக் குறித்து அதே அளவுக்குக் காட்டப்படவில்லை. இன்றுவரை அந்த வழக்கமே தொடர்கிறது.

அடுத்த கொள்ளைநோய் சுவாசத்தின் வழியே வருமாயின், செய்ய வேண்டியவற்றின் வரிசை தெளிவானது: நெடுந்தூரப் பிரயாணத்தையும் அடைத்த மண்டபங்களில் கூடுவதையும் முதலில் கட்டுப்படுத்த வேண்டும், அண்டை அயலார் நடந்தே வரக்கூடிய மைதானத்தையும் பூங்காவையும் கடைசி வரை திறந்து வைத்து, கூட்டம் மிகுமானால் வாசலில் எண்ணி உள்ளே விட வேண்டும், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தையும் கொழுந்து நிறுக்கும் இடத்தையும் திறந்தவெளிக்கு மாற்றி, லொறியில் நெருக்கி ஏற்றுவதை நிறுத்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் கட்டளைகள் போதும். லயத்துக்குக் காற்று வரவழைப்பதற்கோ கட்டளை போதாது. எதிரெதிர் ஜன்னல்களோடு தனித்தனி வீடுகள் கட்டியாக வேண்டும். அதற்குப் புதிய வியாதியொன்று வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமுமில்லை. பால்டிமோரில் கினிப்பன்றிகளைக் கொண்டு காற்றுவழிப் பரவல் நிரூபிக்கப்பட்ட காசநோய், அடைத்த அறைகளைத் தேடிக்கொண்டு இன்னும் உலகில் இருக்கத்தான் செய்கிறது.