புலிமான்கோம்பை நடுகற்கள்

புலிமான்கோம்பை நடுகற்கள் என்பன, தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்தில், வைகைச் சமவெளியில் அமைந்த புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று கற்கள் ஆகும். ஊரின் பெயர் புள்ளிமான்கோம்பை எனவும் வழங்கும். இறந்தோர்க்கு எடுக்கப்பட்ட எழுத்துடைய நினைவுக் கற்களுள் இந்தியாவிலேயே மிகப் பழமையானவை இவை எனக் கருதப்படுகின்றன.

கண்டுபிடிப்பு

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல், தொல்லியல் துறையைச் சேர்ந்த ஆய்வு மாணவர்கள், பேராசிரியர் கா. ராஜன் வழிகாட்டுதலில் மேற்கொண்ட களஆய்வின்போது இக்கற்களைக் கண்டனர். அப்பகுதியில் இரும்புக் காலத்து ஈமச்சின்னங்கள் உள்ளன. கற்கள் கண்டறியப்பட்டபோது தம் மூல இடத்தில் நிற்கவில்லை. பெயர்ந்து சிதைந்த நிலையில் இருந்தன.

கல்வெட்டு வாசகம்

மூன்றனுள் முழுமையாகப் பொருள் விளங்குவது பின்வரும் வாசகமுடைய கல்லே:

கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்

'கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல்' என்று இதற்குப் பொருள் கொள்வர். இறந்தான் என்னும் சொல் வாசகத்தில் இல்லை. யாருடைய கல், எந்தப் பூசல் என்னும் இரண்டும் மட்டுமே உள்ளன. அக்காலத்தவர்க்கு அதுவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். மற்றொரு கல் வேளூரைச் சேர்ந்த அவ்வன் பதவன் என்பவனைக் குறிக்கிறது. எஞ்சிய கல் உடைந்திருப்பதால் அதன் வாசகம் நிறைவுபெறவில்லை.

ஆகோள் பூசல்

ஆகோள் என்பது ஆ, கோள் என்னும் இரு சொற்களின் சேர்க்கை. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து கொள்ளுதல் என்பது பொருள். நிரை கவர்தலை வெட்சி என்றும், கவரப்பட்ட நிரையை மீட்டலைக் கரந்தை என்றும் இலக்கண நூல்கள் வகுத்துள்ளன. தொல்காப்பியத்தில் ஆளப்பட்ட ஆகோள் என்னும் அதே சொல் இக்கல்லிலும் இருப்பது இக்கண்டுபிடிப்பின் தனிச்சிறப்பு. அந்தவன் நிரை கவரச் சென்றவனா, மீட்கச் சென்றவனா என்பதை வாசகம் வெளிப்படையாகக் கூறவில்லை.

தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. நெல் விளையும் இன்றைய கம்பம் பள்ளத்தாக்கை வைத்து அக்காலத்தைக் கணித்தல் பொருந்தாது. 1895இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் வந்த பின்னரே இருபோக நெல் சாகுபடி இங்குப் பெருகியது. அதற்கு முன் மலையடிவாரத்து மேய்ச்சலுக்கு இருந்த மதிப்பு இன்றைக்கு எளிதில் விளங்காது. கம்பத்தில் உள்ள தம்பிரான் மாட்டுத் தொழுவும், இப்பகுதியின் மலைமாடுகளும் அவ்வாழ்வின் எச்சத்தை ஓரளவு உணர்த்தும்.

கல்வெட்டுக் கூறும் கூடலூர், கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் குமுளி செல்லும் சாலையில் உள்ள கூடலூராக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. மதுரைக்கும் கூடல் என்னும் பெயர் உண்டெனினும், வாசகத்தில் 'ஊர்' என்னும் சொல் சேர்ந்து வருவதாலும், அருகிலேயே அப்பெயருடைய ஊர் இருப்பதாலும் இக்கருத்து ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது.

காலம்

எழுத்தமைதியைக் கொண்டு இவற்றுள் பழமையானவை கி.மு. 4 அல்லது 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கண்டறிந்தோர் கருதினர். கல்லை நேரடியாகக் காலக்கணிப்புச் செய்ய இயலாது என்பதால், இதனைச் சற்றுப் பிற்பட்டதாகக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், குகைத்தளங்களில் உள்ள பல தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் துறவியர்க்கு அளித்த கொடையைக் கூறுபவை. அவற்றில் பிராகிருதச் சொற்கள் கலந்து வரும். இங்கோ சொற்கள் தமிழ்ச் சொற்களே. செய்தியும் ஊர்ப்பூசல் பற்றியது. வணிகரும் துறவியரும் மட்டுமன்றி, கால்நடை வளர்த்த சிற்றூர் மக்களும் எழுத்தைப் பயன்படுத்தினர் என்பதற்கு இக்கற்கள் முதன்மையான சான்றாகின்றன.

உருவமில்லாக் கற்களின் நிலை

செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவம் இருக்கும். உருவம் இருப்பதால் மக்கள் அவற்றை வேடியப்பன் முதலிய பெயர்களில் வழிபடுகின்றனர். வழிபாடே காவலும் ஆகிறது. புலிமான்கோம்பைக் கற்களில் உருவம் இல்லை, எழுத்து மட்டுமே உண்டு. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அற்றுப்போன பின், பார்ப்பவருக்கு அது வெறும் பலகைக்கல். இத்தகைய கற்கள் வரப்புக்கும் படிக்கட்டுக்கும் எடுத்துச் செல்லப்படுதல் இயல்பே.

இடம்பெயர்ந்ததால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. கல் ஈமக்குழியின் மேல் நின்றதா, தனியே வழியோரத்தில் நின்றதா, அதன் அடியில் எலும்போ மட்கலமோ இருந்தனவா என்பவற்றை இனி அக்கல்லைக் கொண்டு அறிய வழியில்லை. அடியில் கரிமப்பொருள் கிடைத்திருப்பின் காலம் பற்றிய விவாதத்திற்கே விடை கிடைத்திருக்கக்கூடும். ஆதலின் இப்பகுதியில் கீறல்களுடைய பழங்கல்லைக் காண்போர் அதனைப் பெயர்க்காமலும், எழுத்தின்மீது சுண்ணாம்போ மாவோ தடவாமலும், பக்கவாட்டில் ஒளி விழும் காலை அல்லது மாலை வேளையில் படமெடுத்து, கிராம நிருவாக அலுவலருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல் வேண்டும்.