உஷார்! ஆச்சியை மியூசிக்கல் சேர் சுற்ற விடாதீங்க

பொங்கலுக்கு மைக் செட் சொல்லிவைக்கிற நேரம் வந்தாச்சு. களக்காட்டிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் இளைஞர் மன்றம், மகளிர் குழு, கோயில் கமிட்டி என்று யாராவது நோட்டும் பேனாவுமாக வசூலுக்குக் கிளம்பியிருப்பார்கள். விழா நோட்டீஸில் இப்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: 'பெரியவர்களுக்கான சிறப்புப் போட்டிகள்'. அக்டோபர் 1, உலக முதியோர் தினத்திலும் இதே கதைதான். நல்ல எண்ணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மியூசிக்கல் சேர், ஸ்பூனில் எலுமிச்சம்பழம், கண்ணைக் கட்டிப் பானை உடைத்தல், பலூன் ஊதுதல், கயிறு இழுத்தல். அஞ்சாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு நடத்துகிற பட்டியலை அப்படியே தூக்கி எழுபது வயசுக்காரர்கள் தலையில் வைத்திருக்கிறோம்.

பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். அங்கே எந்தத் தாத்தாவையும் "ஒரு கை பாருங்க" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். கல்லைப் பார்த்தாலே ஆபத்து தெரிகிறது. மியூசிக்கல் சேரைப் பார்த்தால் தெரிவதில்லை.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மண்டபத்தில் டைல்ஸ் தரை. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் சேர், பின்னங்கால் இரண்டும் ஏற்கெனவே லேசாக அகண்டிருக்கும். ஆச்சி ஒரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் சேர் முதுகைத் தொட்டுத் தொட்டுச் சுற்றுகிறார். பாட்டு நிற்கிறது. சட்டென்று திரும்ப வேண்டும், உட்காரும் இடத்தைப் பார்க்காமலே பின்பக்கம் சாய வேண்டும். அதே சேருக்கு இன்னொரு ஆச்சியும் இடுப்பைக் கொடுக்கிறார். சேர் வழுக்கிக்கொண்டு பின்னால் போகிறது. பத்து வயசுப் பிள்ளை என்றால் விழுந்து, சிரித்து, எழுந்து ஓடிவிடும். எழுபது வயசில் பக்கவாட்டில் விழுந்தால் அடி நேராகத் தொடை எலும்பின் மேல்முனையில் இறங்குகிறது. மாதவிலக்கு நின்று இருபது வருஷம் ஆன பெண்ணுக்கு அந்த எலும்பு எவ்வளவு மெலிந்திருக்கும் என்பது எக்ஸ்ரே எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது.

அந்த இடம் முறிந்தால் மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட முடியாது. பெரும்பாலும் ஆபரேஷன்தான், அதுவும் ஓரிரு நாளுக்குள். களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். படுக்கையில் கிடந்தால் சளி கட்டும், புண் வரும், காலில் ரத்தம் உறையும். வயதான காலத்தில் தொடை எலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார் என்றுதான் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. கீழே விழுவதால் உலகத்தில் வருஷத்துக்கு 6,84,000 பேர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உயிரிழப்பில் முடிகிற விழுகைகள் 60 வயது தாண்டியவர்களிடம்தான் மிக அதிகம். பரிசாகக் கிடைக்கப்போவதோ ஒரு பிளாஸ்டிக் வாளி.

"அவுங்களே ஆசைப்பட்டுத்தான் வந்தாவ" என்பார்கள். வந்திருப்பார்கள்தான். மைக்கில் பேரைச் சொல்லி, "அண்ணாச்சி, சும்மா ஒரு ரவுண்டு வாங்க" என்று கூப்பிட்டு, பேரப்பிள்ளைகள் கைதட்டினால் எந்த அண்ணாச்சி மாட்டேன் என்பார்?

அவர் காலையில் போட்டுவிட்டு வந்த மாத்திரைகளையும் கணக்கில் சேருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர், புராஸ்டேட்டுக்கு மாத்திரை எடுக்கிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்து விருட்டென்று எழுந்தால் தலை சுற்றும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போட்டவர் சாப்பாடு தள்ளிப்போனால் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி மயங்குவார். நம் ஊரில் சாப்பாடு ஏன் தள்ளிப்போகும் என்பது எல்லாருக்கும் தெரியும்: சிறப்பு விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை. விருந்தினர் எப்போது வந்தாலும் பன்னிரண்டரைக்கு இலை போட்டுவிடுங்கள். சொற்பொழிவைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் பாதிப் பேர் தூங்குவார்கள், தூங்கட்டும்.

பலூன் ஊதுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். மூச்சைத் தம் பிடித்து ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அடிவயிறு இறுகும். கண் அழுத்த நோய் இருப்பவர், சமீபத்தில் கண்புரை ஆபரேஷன் செய்தவர், குடலிறக்கம் உள்ளவர் மூன்று பேருக்குமே அது ஆகாது. சாப்பாட்டுப் போட்டியோ இளவட்டங்களுக்கே வேண்டாத வேலை. 2024 ஓணத்தின்போது பாலக்காட்டுப் பக்கம் வாளையாறில் இட்லி தின்னும் போட்டியில் இட்லி தொண்டையில் அடைத்து ஒருவர் இறந்தார். வயசு 49தான். பல்செட் போட்டவருக்கும், பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவருக்கும் வேகமாகத் தின்னச் சொல்லிப் பரிசு வைப்பது கொலைபாதகம்.

உடம்பில் படாத அடியும் உண்டு. ஜோடிப் போட்டி, கண்ணைக் கட்டிப் பொட்டு வைக்கும் போட்டி என்று அறிவிக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆச்சிமாரில் எத்தனை பேருக்கு வீட்டுக்காரர் இருக்கிறார் என்று அறிவிக்கும் முன் ஒரு தடவை பார்த்திருக்கலாம். தடுமாறி விழுகிறவரை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிற பிள்ளைகளின் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவும் ஒரு ஆள் போடுங்கள்.

கக்கூஸ் விஷயத்தைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். வெளியிடத்தில் ஒண்ணுக்குப் போகத் தோதில்லை என்பதற்காகவே காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிற பெண்கள் நிறைய. அதோடு நீர் மாத்திரையும் சேர்ந்தால் வெயிலில் சுருண்டு விழ வேறு காரணம் வேண்டாம். தரை உலர்ந்த, வெளிச்சமுள்ள, கைபிடிக்க ஏதாவது இருக்கிற கழிப்பறை இல்லாத மண்டபம் என்றால் வேறு இடம் பாருங்கள். விளையாட்டுக்குப் பதில் களக்காட்டு மலையடிவாரத்தில் இருக்கும் தலையணைத் தடுப்பணைக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வைக்கலாம் என்று சில மன்றங்களில் யோசனை வரும். பாசி படிந்த பாறையில் மூட்டு வலிக்காரரை இறக்குவதும் மியூசிக்கல் சேரும் ஒன்றுதான். மேலே மலையில் மழை என்றால் தண்ணீர் கேட்காமலே ஏறும்.

அப்படியென்றால் பெரியவர்களை மூலையில் உட்கார வைத்துவிடுவதா? வேண்டாம். உட்கார்ந்தபடியே ஜெயிக்கிற ஆட்டம் நம்மிடம் கொட்டிக்கிடக்கிறது. தாயம் போடட்டும், பல்லாங்குழி ஆடட்டும். தரையில் உட்கார முடியாதென்றால் கட்டத்தை மேஜைக்கு ஏற்றுங்கள். களக்காடு வாழை ஊர். ஒரு ஏத்தன் தாரை மேஜையில் வைத்து, தொடாமல் எடை சொல்லச் சொல்லுங்கள். ஐம்பது வருஷம் தார் வெட்டியவர் சொல்லும் எடையும் தராசு காட்டும் எடையும் எவ்வளவு நெருங்கி வருகிறது என்று வாலிபப் பிள்ளைகள் பார்க்கட்டும். பாட்டுக்குப் பாட்டு வைத்தால் மண்டபமே களைகட்டும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை, அறிவிப்பாளர் அப்துல் ஹமீது குரலைச் சொன்னாலே நிமிர்ந்து உட்காரும். ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் அவர்கள் காதுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காது மெஷின் போட்டவருக்கு அது வெறும் இரைச்சல்.

இத்தனைக்கும் மீறி யாராவது விழுந்துவிட்டால், கூட்டமாகப் போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் முறிவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்து உருவுவது, சுளுக்கு வழிக்கிறவரைத் தேடுவது எதுவும் கூடாது. ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் காபி, டீயும் வேண்டாம். கிடந்தபடியே காலை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடி என்றால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்று வீட்டாரைக் கேளுங்கள். ஆமாம் என்றால் வீக்கம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே கசிகிற ரத்தம் இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும்.

விழா அன்றைக்குக் காலையிலேயே மண்டப வாசலில் ஒரு ஆளை நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ் நுழைகிற அகலத்துக்கு இடம் விட்டுத்தான் பைக்குகளும் மைக் செட் வண்டியும் நிற்க வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லட்டும்.