கூண்டு வண்டிகள் சுமந்து வரும் உதவி



அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், நடிகர் டேனி தாமஸ் நிறுவி 1962-ல் திறக்கப்பட்டது செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளைகளின் பெற்றோரிடம் இங்கே கட்டணம் கேட்பதில்லை. செலவின் பெரும்பகுதியை நன்கொடையாளர்கள் தாங்குகிறார்கள். அவர்களில் கூண்டு வண்டி ஓட்டுகிறவர்களும் உண்டு.

1840-களில் மேற்கே குடிபெயர்ந்தவர்கள் வரிசை வரிசையாய் வண்டிகளில் சென்றார்கள். அதை நினைவுகூர்ந்து, பெல்ஜியன், பெர்ச்சரான் போன்ற பாரம் இழுக்கும் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பூட்டிப் புறப்படுகிறார்கள்.

பணம் எப்படிச் சேருகிறது? பயணத்துக்கு முன்பே உறவினர், சபையார், கடைக்காரர்களிடம் ஒவ்வொருவரும் வாக்குறுதி பெற்றுக்கொள்கிறார்கள். மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் நடைதான். ஆகவே வாசலில் நிற்பவரும் விவரம் கேட்டு, கையிலுள்ளதைக் கொடுக்க முடிகிறது.

மிருகங்களை அவசரப்படுத்தலாகாது. கழுத்துப்பட்டை உராய்ந்து புண்ணானால் வண்டியிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். தங்குமிடம் சேர்ந்ததும் தண்ணீரும் தீனியும் முதலில் அவற்றுக்கே. மனிதர் சாப்பாடு பிறகுதான்.

1962-ல் கடும் நிணநீர் இரத்தப் புற்றுநோய் கண்ட நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கு பேரே பிழைத்தார்கள். இன்று அந்த மருத்துவமனையில் ஏறக்குறைய 94 பேர் பிழைக்கிறார்கள். இது ஒரே நாளில் நடந்ததல்ல; மருந்துகளை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்து, ஆண்டுக்காண்டு அடியெடுத்து வைத்த பயணம்.

சிறு தொகையை வாக்களித்து, அதைத் தவறாமல் செலுத்தியவர்களும் அந்தப் பாரத்தை இழுத்தவர்களே என்று நாங்கள் எண்ணுகிறோம்.